றோடிங் ஆறும் ஏழு சனிக்கிழமைகளும்

1

ஒரு படிவத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த நாட்டில் எனக்கு எல்லாமே படிவத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

ஜூலை மாதத்து ஒரு புதன்கிழமை, காலை ஐந்து ஐம்பது. முதல் ஷிப்டுக்குப் புறப்படுவதற்கு முன் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை மேசையில் என் மகள் தாரணியின் படிவம் கிடந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. தேம்ஸ் நதியின் மேற்பகுதியில் லெச்லேட் என்ற சிறு பட்டினத்தில், ஆறுகளைப் பராமரிக்கும் ஓர் அமைப்பில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. செப்டம்பரில் போய்ச் சேர வேண்டும். சேர்கிறவர்கள் நிரப்பிக் கொடுக்க வேண்டிய நான்கு பக்கப் படிவம் அது.

பிறருடைய தாள்களைப் படிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் நிரப்பிய படிவம் ஒன்றைக் கண்டால் பிழை பார்க்காமல் நகர முடியாது. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரத்தக் குப்பியின் ஒட்டுத்தாளில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பதே என் தொழில். அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடிவதில்லை.

மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அவசரத்துக்கு முதலில் அழைக்க வேண்டியவர்: டெரிக். உறவு: நண்பர். கீழே பதினொரு இலக்கத் தொலைபேசி எண். இரண்டாவதாக அழைக்க வேண்டியவர்: என் பெயர். உறவு: தந்தை.

அன்றைய குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வெப்பநிலை 15. மழை இல்லை. ரயில் இரண்டு நிமிடம் பிந்தியது. நான் இரண்டாவது."

மாலையில் அவளிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உன்ர ஃபோமில ஒரு பிழை கிடக்கு."

"எங்க?"

"மூண்டாம் பக்கம்."

எடுத்துப் பார்த்தாள். "அது பிழையில்லை அப்பா. நீங்கள் லாப்ல போனை லொக்கருக்க வைச்சுப் பூட்டுறனீங்கள். எனக்கு என்ன நடந்தாலும் உங்களுக்கு ரெண்டு மணிக்குப் பிறகுதான் தெரியும். டெரிக் எப்பவும் எடுப்பார். இட்ஸ் ஜஸ்ட் பிராக்டிக்கல்."

"அப்ப அம்மா?"

"அம்மாவுக்குத் தன்ர போன் எங்க கிடக்கெண்டு தெரியாது."

"அது உண்மை," என்று என் மனைவி கௌரி அடுத்த அறையிலிருந்து சொன்னாள்.

2

டெரிக் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பஸ் சாரதி. அறுபத்தொன்பது வயது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தலையில் ஒரு மயிர் கிடையாது. எங்கள் வீடு கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கில். எங்களுக்கும் பக்கத்து ஊரான இல்ஃபோர்டுக்கும் நடுவில் றோடிங் என்ற ஆறு ஓடுகிறது. எசெக்ஸ் வயல்களில் சிறு ஓடையாகப் பிறந்து, தெற்கே இறங்கி, நெடுஞ்சாலையின் இரைச்சலோடு சில மைல் கூடவே வந்து, பார்க்கிங் என்ற ஊரைக் கடந்து தேம்ஸில் விழுகிற ஆறு. (அந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் வண்டி நிறுத்தும் இடம்போல ஆகிவிடுகிறது. நான் ஒருமுறை ஊருக்கு எழுதிய கடிதத்தில் "பார்க்கிங்கில் மகள் சேற்றில் நிற்கிறாள்" என்று எழுத, என் தமக்கை பதறிப் போய் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.) அந்த ஆற்றில் மக்கள் எறிந்த டயர்களையும் கடைத் தள்ளுவண்டிகளையும் இழுத்தெடுக்கிற ஒரு தொண்டர் குழு இருக்கிறது. பதினைந்து பேர் வரையில் வருவார்கள். அதைக் கூட்டி நடத்துகிறவள் தாரணி. அறிவித்தல் அச்சடிப்பதும், சுடுநீர்ப் போத்தலில் தேநீர் கொண்டு வருவதும், எல்லோருடைய பைகளையும் காவல் காப்பதும் டெரிக்கின் வேலை.

அவர்கள் கூடுவது சனிக்கிழமை.

சனிக்கிழமை முன்பு என்னுடையது. அவளுக்கு ஏழு வயதிலிருந்து அப்படித்தான். காலையில் நானும் அவளும் நடந்து முருகன் கோயிலுக்குப் போவோம். பிறகு மரக்கறிக் கடை. பிறகு அவள் கேட்கிற இடத்துக்கு ஒரு பஸ். பதினேழு வருடத்தில் எத்தனை சனிக்கிழமை தவறியது என்று என்னால் சொல்ல முடியும், ஆனால் சொல்லப் போவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு மட்டும் அப்பா, ஒரு ரிவர் கிளீன் அப் இருக்கு" என்றாள். அந்த "நாளைக்கு மட்டும்" இன்னும் முடியவில்லை.

போய்விட்டு வந்தால் அவள் வாயில் டெரிக்தான். டெரிக் ஒரு மீன்கொத்தியைக் கண்டவர். டெரிக் இப்படிச் சொல்லிச் சிரிக்க வைத்தவர். அறுபத்தொன்பது வயது மனிதரைப் பெயர் சொல்லி அழைப்பது இந்த ஊர் வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் அந்தப் பெயரைச் சொல்லும்போது தரும் ஒரு சின்ன இழுவை, அது எனக்குத் தெரிந்த இழுவை. முன்பு "அப்பா" என்ற சொல்லுக்கு அது கிடைத்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் கௌரி, அந்தப் புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு. "அந்தாள் தனிச்ச மனுசன். உங்களுக்கென்ன அவரோட போட்டி?"

"போட்டி ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் கொப்பியில அவற்ற பேர் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கு?"

"நீ என்ர கொப்பியைப் பாத்தனியோ?"

"நீங்கள் அவளின்ர ஃபோமைப் பாத்தனீங்கள்தானே."

நான் நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். செப்டம்பரில் அவள் போகும் நாளுக்கு முன் ஏழு சனிக்கிழமைகள் இருந்தன. ஏழும் ஆற்றுக்குத்தான் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஒன்றையாவது எனக்குத் தா என்று கேட்க நினைத்தேன். பெற்ற பிள்ளையிடம் கிழமையைக் கேட்டு வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

3

ஆறு எனக்கு அந்நியமான விடயம். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. எல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

இந்த உண்மை ஒருமுறை என் தலைவிதியைத் தீர்மானிக்கப் பார்த்தது. அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலுக்குக் குரோய்டனில் உள்ள அந்தப் பெரிய கட்டடத்துக்குப் போயிருந்தேன். நான் சொல்கிற ஊர்தான் என் ஊரா என்று அறிய அதிகாரி பல கேள்விகள் கேட்டார். பாடசாலை எது, சந்தை எந்தப் பக்கம். பிறகு, உங்கள் மாவட்டத்தில் ஓடும் ஆற்றின் பெயர் என்ன?

"ஆறு இல்லை," என்றேன்.

அவர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஆறில்லாத ஊரை அவர் கண்டிருக்கமாட்டார். அல்லது கேள்வியே ஒரு பொறியாக இருக்கலாம். எனக்கு வியர்த்தது. உள்ளதை முழுவதும் சொல்லாவிட்டால் பொய் சொன்னது போலாகும் என்று தோன்ற, "மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற ஒன்று இருக்கிறது, வழுக்கையாறு," என்று சேர்த்தேன்.

மொழிபெயர்த்தவர் மலேசியத் தமிழ்ப் பெண். ஒரு கணம் யோசித்தார். பிறகு ஆங்கிலத்தில், தலையில் மயிரில்லாத ஆறு என்று பொருள்படச் சொன்னார். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"அது வழுக்கிற வழுக்கை எண்டு நினைக்கிறன், தலை வழுக்கை இல்லை," என்று நான் தடுத்தேன்.

"அண்ணே, விட்டுடுங்க," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "அவரு எழுதிட்டாரு. மாத்தினா மறுபடியும் முதல்ல இருந்து கேப்பாரு."

என் கோப்பில் அது இன்னும் அப்படியே இருக்கும். இந்தக் கதை கௌரிக்குத் தெரியும். டெரிக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு அவர் பெயர் வழுக்கையார். "உங்கட வழுக்கையார் மீன்கொத்தி கண்டவராம்" என்பாள். எந்த "று", எந்த "ர்" என்று பிரித்துக் கேட்பதற்குள் சிரித்துவிடுவாள்.

அந்தக் கட்டடத்துக்கு வெளியே குளிரில் நான் வரிசையில் நின்றபோது, கொஞ்சம் தள்ளித் தெருவுக்குக் கீழே வாண்டில் என்ற ஆறு குழாய்க்குள் தேம்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது என்று பல வருடத்துக்குப் பிறகு தாரணி சொல்லித்தான் அறிந்தேன்.

4

அவள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, தேம்ஸ் நதியும் அதில் சேரும் ஆறுகளும் என்று ஒரு படம் வரைந்து வரச் சொன்னார்கள். இரண்டு நாள் வேலை. நான் அளவுகோல் வைத்து வரைந்தேன், அவள் நிறம் தீட்டினாள். வடக்கே கோல்ன், பிரெண்ட், லீ, றோடிங். தெற்கே வே, மோல், வாண்டில், ரேவன்ஸ்போர்ன், டாரென்ட். மேலே ஒக்ஸ்ஃபோர்டுப் பக்கத்து ஆறுகள். ஒன்றும் விடவில்லை. கடைசியாக, தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று காட்ட ஒவ்வோர் ஆற்றுக்கும் சிவப்புப் பேனையால் ஓர் அம்புக்குறி போட்டேன்.

எல்லா அம்பையும் வெளிப்பக்கமாகப் போட்டேன். தேம்ஸிலிருந்து புறப்பட்டு, லீ வழியாக வடக்கே, வாண்டில் வழியாகத் தெற்கே.

இதில் எனக்கு ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் தண்ணீர் அப்படித்தான் போகும். கிணற்றிலிருந்து பெரிய வாய்க்காலுக்கு, அதிலிருந்து கிளை வாய்க்காலுக்கு, அதிலிருந்து பாத்திக்கு. பெரியது சின்னதுக்குக் கொடுக்கும். பரீட்சைக்காகத் துணையாறு என்ற சொல்லை மனப்பாடம் செய்திருந்தும், என் வாயில் எப்போதும் கிளையாறு என்றே வந்தது. கிளை என்றால் அடிமரத்திலிருந்து வெளியே போவதுதானே.

ஆசிரியை படத்தின் அடியில், மிக அழகான வேலை, ஆனால் இவ்வளவு தண்ணீரும் தேம்ஸுக்கு எங்கிருந்து வந்தது, என்று எழுதியிருந்தார். வகுப்பில் ஒரு பிள்ளை தேம்ஸைப் பூவாளி என்று சொல்லிவிட, அந்தத் தவணை முடியும்வரை அது நின்றது.

தாரணி அழவில்லை. "அப்பா, தண்ணி உள்ளுக்க வாறது. வெளியில போறேல்லை," என்று பொறுமையாகச் சொன்னாள். நான் நம்பாததால் அடுத்த சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி, றோடிங் தேம்ஸைச் சேரும் முனைக்கே போய்ப் பார்த்தோம். பெரிய வெள்ளத்தடுப்புக் கதவு, சாம்பல் நிறச் சேறு, எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தால், தண்ணீர் தேம்ஸிலிருந்து றோடிங்குக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடல் பெருக்கு நேரம் அது. தேம்ஸில் கடலின் வற்றும் பெருக்கும் லண்டன் முழுவதையும் தாண்டி மேற்கே டெடிங்டன் வரை ஏறும், அதில் விழுகிற ஆறுகளின் வாய்க்குள்ளும் ஏறும்.

"பாத்தியோ?" என்றேன். "என்ர அம்பு சரி."

கம்பியில் தொங்கி நின்று அவள் சிரித்த சிரிப்பு போல அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. "ஆறு மணித்தியாலத்துக்கு மட்டும் சரி, அப்பா." அன்றிலிருந்து வீட்டில் யாராவது பிழையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்குப் பெயர் அப்பாவின் அம்பு. அது எங்கள் இருவருக்கு மட்டுமான சொல் என்று நான் நினைத்திருந்தேன்.

5

வியாழக்கிழமை. ஏழில் முதலாவது சனிக்கிழமைக்கான அறிவித்தலை டெரிக் அனுப்பியிருந்தார், தாரணி அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். இம்முறை வேலை பார்க்கிங்கில், கடல் பெருக்கு ஏறி இறங்கும் பகுதியில். தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும் முழு வற்று 11.40. சேற்றில் இறங்கும் நேரம் 10.40, கரையேறும் நேரம் 12.40.

மாலை ஆறே காலுக்கு நான் அதைச் சரிபார்த்தேன். காரணம் ஒன்றுமில்லை என்று எழுத விரும்புகிறேன். காரணம் இருந்தது. அவரிடம் ஒரு பிழை கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் இரண்டு வருடமாக ஒவ்வோர் அறிவித்தலையும் படித்து வந்தேன்.

இந்த நாட்டில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். பழைய அச்சுப் புத்தகங்களில் வற்றுப் பெருக்கு நேரம் தள்ளாத கடிகாரப்படி இருக்கும், நாம்தான் ஒன்றைக் கூட்ட வேண்டும். இணையத்தில் உள்ள அட்டவணையில் கூட்டியே தந்திருப்பார்கள். அதில் முழு வற்று 10.40 என்று இருந்தது. பக்கத்திலேயே, கோடை நேரம் என்ற குறிப்பு. புத்தகத்தில் பழகிய டெரிக்கின் கை, கூட்டியதன் மேல் இன்னொன்றைக் கூட்டிவிட்டது.

மூன்று அட்டவணைகளில் பார்த்தேன். மூன்றும் 10.40. அந்த நேரம் என் நெஞ்சில் ஏறிய இன்பத்தை மறைத்து எழுத முடியாது. நல்ல செய்தி வந்த நாட்களில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

சொல்லவில்லை. அவர்கள் போய் இறங்குவார்கள், வற்ற வேண்டிய தண்ணீர் வற்றாமல் ஏறும், எல்லோரும் டெரிக்கைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை மட்டும்தான் எனக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழங்கால் வரை புதையும் சேறு, ஒடுங்கிய ஓடை, இரண்டு மணித்தியாலம் ஏறிய பெருக்கு, இவற்றைச் சேர்த்து நினைக்க நான் என்னை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தாரணி வாசலில் இருந்து சேற்றுச் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நீங்கள் கோயிலுக்கோ அப்பா?"

"ஓம்."

"எங்களோட வாங்கோவன் ஒருக்கா. கரையில நிண்டு பாக்கலாம். டெரிக்குக்கு உங்களைச் சந்திக்க வேணுமாம்."

"எனக்கு முழங்கால் ஏலாது."

"உங்களுக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு," என்றாள் கௌரி.

6

சனிக்கிழமை பத்தேகாலுக்குக் கோயிலுக்குள் போனேன். பதினொன்றேகாலுக்கு அர்ச்சனைச் சிட்டைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் சிட்டையில் நட்சத்திரத்தை ஐயர் மாற்றிச் சொல்லிவிட்டார். பெரியவர் பேசாமல் நிற்க, நான், "ஐயா, அனுசம் இல்லை, அத்தம்," என்று சத்தமாகத் திருத்தினேன். பெரியவர் நன்றியோடு கும்பிட்டார்.

யாரோ ஒருவருடைய நட்சத்திரத்துக்கு இரண்டு வினாடி பொறுக்க முடியாத நான், என் பிள்ளை சேற்றில் நிற்கும் நேரத்தை இரண்டு நாளாக வாய்க்குள் வைத்திருந்தேன். ஆய்வுகூடத்தில் ஒட்டுத்தாள் மாறியிருப்பதைக் கண்டும் ஒருவன் பேசாமல் விட்டால், அவனோடு ஒரே மேசையில் நான் தேநீர் குடிக்கமாட்டேன்.

வெளியே வந்து சப்பாத்து மாட்டாமலே தாரணியை அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை. சேற்றில் இறங்குகிறவர்கள் போனைக் கரையில் பைக்குள் வைப்பார்கள். பைகளுக்குக் காவல் டெரிக்.

அவருடைய எண் என்னிடம் இருக்கவில்லை. ஆனால் அந்தப் படிவத்தை நான் ஒருமுறை பார்த்திருந்தேன். பதினொரு இலக்கமும் வரிசையாக வந்தன. நேரம் 11.32.

இரண்டாவது மணியில் எடுத்தார்.

"நான் தாரணியின் அப்பா," என்றேன் ஆங்கிலத்தில்.

"ஓ, அம்புக்குறிக்காரர்!" என்றார்.

அவளே சொல்லியிருக்கிறாள். எங்கள் கம்பியையும் எங்கள் சேற்றையும் எங்கள் சிரிப்பையும். எனக்கு ஒரு கணம் போனை வைத்துவிடலாம் போல இருந்தது. அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நடந்தது.

"முழு வற்று 11.40 இல்லை," என்றேன். "10.40. ஒரு மணித்தியாலத்தை இரண்டு முறை கூட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் ஏறத் தொடங்கி ஐம்பது நிமிடம் ஆகிறது."

 உடனே, எல்லோரையும் கரைக்குக் கூப்பிடும் ஊதல் ஒன்று நீளமாக, என் காதே அடைக்கும்படி.

பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது 12.15. எல்லோரும் கரையில் இருந்தார்கள். கீழே அவர்களுடைய சப்பாத்துத் தடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன. பாதி இழுத்துக் கைவிட்ட தள்ளுவண்டியின் கைப்பிடி 12.31க்கு மறைந்தது. அதன் பக்கத்தில்தான் தாரணி நின்றாளாம், ஓடையின் நடுப்பக்கம், எல்லோருக்கும் தூரத்தில்.

"அப்பா, கோயில்ல இருந்தோ கணக்குப் பாத்தனீங்கள்?" முழங்கை வரை சேறு. முகமெல்லாம் சிரிப்பு. "யூ ஆர் அன்பிலீவபிள்."

 அவள் கைகழுவப் போனதும் டெரிக் வந்தார். பெரிய கை, சிவந்த காதுகள், மஞ்சள் மேலங்கி.  காகிதக் குவளையில் தேநீர் ஊற்றினார்.

"நீங்கள் அதை எப்போது கண்டுபிடித்தீர்கள்?"

நேரம் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது. "வியாழக்கிழமை. மாலை ஆறே கால்."

அவர் குவளையைப் பிடித்தபடி ஆற்றைப் பார்த்தார். பஸ்ஸின் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு என் பக்கம் திரும்பி,

"சீனி எத்தனை?" என்று கேட்டார்.

7

மிச்ச ஆறு சனிக்கிழமைகளும் நான் போனேன். குழுவில் எனக்கு ஒரு வேலை தந்தார்கள். வற்று நேரத்தைக் குறித்து, அறிவித்தல் அச்சாகுமுன் கையெழுத்திட்டுக் கொடுப்பது. அதற்கும் ஒரு படிவம் வந்தது, நிரப்பினேன். மடக்கு நாற்காலியில் கைக்கடிகாரத்தோடு டெரிக்குக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் அதிகம் பேசுவதில்லை, ஆனால் தாரணி தூரத்தில் எதையாவது தூக்கிக் காட்டினால் முதலில் கையசைப்பார். நான் அவருக்கு முன் அசைக்கப் பழகினேன். நான்காம் கிழமை அவர் அதைக் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கொஞ்சம் பிந்தியே அசைத்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை விடயத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை என்று நம்பினேன். நானும் சொல்லவில்லை. சேற்றில் நிற்கிறவளைப் பார்க்கும்போதெல்லாம் அது தொண்டைக்கு வரும். அடுத்த கிழமை சொல்லலாம் என்று விழுங்குவேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை லெச்லேட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். காரின் பின் இருக்கையில் அரிசி மூட்டை, மிளகாய்த்தூள் போத்தல்கள், இவற்றுக்கு நடுவில் கௌரி தூங்கினாள். தாரணி எனக்குப் பக்கத்தில் இருந்து, கடக்கிற ஒவ்வோர் ஆற்றையும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். வட்டச் சாலையில் லீ. வெம்பிளிக்குக் கிட்ட பிரெண்ட். நகரம் முடியும் இடத்தில் கோல்ன். ஒக்ஸ்ஃபோர்டில் செர்வெல். ஒவ்வொரு பாலமும் போன பாலத்தைவிடச் சின்னது. தேம்ஸ்கூட அங்கே ஒரு கால்வாய் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. நாங்கள் ஆற்றை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

"எவன்லோட்," என்றாள். சிறிது நேரத்துக்குப் பின், "விண்ட்ரஷ். இதோட சரி, இனி லெச்லேட்தான்."

"பிள்ளை," என்றேன். "அண்டைக்குப் பார்க்கிங்கில. அந்த நேரம் பிழையெண்டு எனக்கு வியாழக்கிழமையே தெரியும்."

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அப்பா. டெரிக் சொன்னவர்."

"எப்ப?"

"அண்டைக்கே. நீங்கள் பஸ்ஸுக்குப் போன உடன. அவர் உங்களைப் பிழை சொல்லேல்லை. உனக்குத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டு மட்டும்தான் சொன்னவர்."

"நீ ஒண்டும் கேக்கேல்லையே."

"நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." விரலை மடக்கி எண்ணினாள். "சிக்ஸ் சாட்டர்டேய்ஸ்."

பின்னாலிருந்து கௌரி, கண் திறக்காமல், "எனக்கும் தெரியும். கொப்பியில கிடந்தது," என்றாள்.

 தாரணி தன் கையை எடுத்துக் கியர்த் தடியில் இருந்த என் கைமேல் வைத்தாள். சாலை வளைந்தது, கியர் மாற்ற வேண்டியிருந்தது. அப்படியே மாற்றினேன்.

8

அவள் இல்லாத முதல் சனிக்கிழமைக்குப் போகாமல் விடலாம் என்றுதான் எழும்பினேன். ஆனால் வற்று நேரத்துக்குக் கையெழுத்திட்டவன் நான். போனேன்.

டெரிக் இரண்டு நாற்காலிகளை விரித்து வைத்திருந்தார். பத்து இருபதுக்கு என் போனில் ஒரு படம் வந்தது. லெச்லேட்டில் லீச் என்ற சிற்றாறு தேம்ஸில் சேருகிற இடம். புல், இரண்டு வாத்து, கரையில் அவளுடைய சப்பாத்தின் நுனி. நான் அதைப் பார்த்துவிட்டுப் போனை உள்பையில் வைத்தேன்.

"பிள்ளையிடமிருந்து ஏதாவது?" என்றார் டெரிக், ஆற்றைப் பார்த்தபடி.

"வேலை அதிகமாக இருக்கும்," என்றேன்.

"இருக்கும், இருக்கும்," என்றார்.

அன்று எனக்கு மனம் நல்ல உற்சாகமாக இருந்தது. நாற்காலியை விட்டு இறங்கி ஒரு டயரை இழுக்கக்கூட உதவினேன். அவர் தனியாகத் தேநீர்ப் போத்தலைத் துடைத்துப் பையில் வைப்பதைப் பார்த்தபோது கொஞ்சம் உறுத்தியது. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, நாலு பத்துக்கு அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினேன். இப்போதுதான் பார்த்தேன் என்று எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, படத்தை மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. அவருக்கு அது காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டதாம். எனக்கு வரவில்லை என்று நினைத்து, நான் வருந்துவேன் என்று காட்டவில்லையாம்.

நான் நாற்காலியில் இருந்து அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன். அதே படம்தானா என்று கேட்டேன். அதே படம், அதே இரண்டு வாத்து. வேறு ஏதாவது எழுதியிருந்தாளா என்று கேட்டேன். இல்லை, படம் மட்டும்தான் என்றார்.

எனக்கு வந்த படத்தின் கீழே தமிழில் ஒரு வரி இருந்தது. "அப்பா சாபிட்டீங்கலோ". இரண்டு எழுத்துப் பிழை. அப்படி ஒரு வரி இருப்பதாக நான் டெரிக்குக்குச் சொல்லவில்லை. அவளுக்கும் திருத்தி அனுப்பவில்லை.